பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகடு

இந்த மாதம் மட்டும் நாலு பேர் போன் பண்ணிக் கேட்டுவிட்டார்கள். எல்லோரும் தோட்டத்துப் பட்டறைகளில் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள். இப்போது வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கட்டில், அலுமாரி, சாமித்தட்டு என்று செய்து கொடுக்கிறார்கள். கேள்வி ஒன்றுதான். "சூசை பாஸ், டேபிள் சோ ஒண்ணு வாங்கப் போறோம். எத வாங்குறதுன்னு சொல்லுங்க."

சொல்லலாம். முப்பத்துநாலு வருடம் உடப்புசல்லாவைப் பக்கத்தில் ஒரு தேயிலைப் பெக்டரியின் பட்டறையில் மரவேலை பார்த்தவன் நான். கடைசி இருபத்தொரு வருடம் அந்தப் பட்டறை என் பொறுப்பு. ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. எனக்கும் கொட்டகை போட்டாயிற்று, எனக்கும் ஒரு டேபிள் சோ வேண்டியிருந்தது. அதை வாங்குவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கேட்டவர்கள் யாருக்கும் தெரியாத ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது. என் பொறுப்பில் இருந்த டேபிள் சோவில் இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு செல்லையா என்ற மனிதனுக்கு இடது கையில் மூன்று விரல் போயிற்று. அது யாருடைய தவறு என்று பெக்டரிப் படிவத்தில் எழுதியிருப்பது பொய். அந்தப் பொய்க்குத் தலையாட்டியவன் நான்.

சரி, மெசினுக்கு வருகிறேன். மேசையின் நடுவில் நீளமாக ஒரு வெட்டு. அதற்குள்ளிருந்து வட்டமான பிளேட் தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். பலகையைத் தள்ளினால் இரண்டாகும். டேபிள் சோ என்றால் அவ்வளவுதான். போனில் வீடியோ பார்த்துவிட்டு எல்லோரும் கேட்பது மோட்டார் எத்தனை குதிரை, பிளேட் எத்தனை அங்குலம் என்றுதான். எனக்கு எரிச்சல்தான் வரும். அட, நம் பக்கத்துப் பனிக்கு இரும்பு மேசை ஒரே மாரியில் துருப்பிடித்துப் போகும், அதைக் கேளுங்கள். பலகையை ஒட்டித் தள்ளுவதற்கான பக்கக் கட்டை இறுக்கின பிறகு பிளேடுக்கு நேராக நிற்கிறதா, கடைக்குப் போய் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். நிப்பாட்டும் சுவிட்ச் பெரிதாக, முழங்காலால் இடித்தாலே அணையும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கையும் பலகையில் இருக்கும்போது சுவிட்சை எதைக்கொண்டு அமத்துவீர்கள்?

இதெல்லாம் இரண்டாவது. முதலாவது, குனிந்து பிளேடுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அங்கே பிறை மாதிரி வளைந்த ஒரு சின்ன இரும்புத் தகடு நிற்க வேண்டும். நாங்கள் பின்தகடு என்போம். ஈர மரத்தை அறுக்கும்போது அறுபட்ட இரண்டு பாதியும் திரும்ப ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். இந்தத் தகடு நடுவில் நின்று ஒட்டவிடாது. தகடு இல்லாவிட்டால் மரம் பிளேட்டைக் கவ்வும், கவ்வினால் பின்பக்கத்துப் பற்கள் பலகையைத் தூக்கி நம் மேலேயே எறியும். பலகை போன பிறகு, அதைப் பிடித்திருந்த கைக்குத் தாங்கல் கிடையாது. அது பிளேட்டின் மேல்தான் விழும்.

நுவரெலியா பஜாரில் இருக்கும் ஹாட்வெயார் கடைக்கு நான் நாலு தடவை போய், நாலு தடவையும் வெறுங்கையோடு வந்தேன். குனிந்து பின்தகட்டைப் பார்ப்பேன். "நாளைக்கி வாறேன்" என்று பஸ் ஏறிவிடுவேன். வீட்டிலும் இருப்புக் கொள்ளாது. கொட்டகைக்குப் போவேன், அளப்பேன், திரும்புவேன், அளந்ததை மறந்து மறுபடியும் அளப்பேன். என் வீட்டுக்காரி ரோசலின் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனாள். "காலுல சக்கரமா கட்டியிருக்கு? செத்த நேரம் குந்துங்களேன். ஒங்களப் பாத்தாலே எனக்குத் தலய சுத்துது" என்பாள். எதற்காக இந்த அலைச்சல் என்று அவளிடமும் நான் சொன்னதில்லை.

செல்லையாவும் நானும் ஒரே வருடம் பட்டறைக்கு எடுக்கப்பட்டவர்கள். வேலை பழகின வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மரத்தூளைக் கூட்டினோம், ஏச்சு வாங்கினோம், பழகினோம். அவன் என்னைவிட நல்ல வேலைக்காரன். பிளேட் சுற்றுகிற சத்தத்தை வைத்தே எந்தப் பல் மழுங்கியிருக்கிறது என்று சொல்வான். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியும், அவனுக்குத் தெரியாது. பொறுப்பு எனக்குக் கிடைத்தது அதனால்தான்.

எங்கள் மேலதிகாரி டீமேக்கர் ஐயா. தேயிலை அரைப்பதிலிருந்து பட்டறைவரை பெக்டரி முழுவதும் அவர் கையில். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பிழை செய்தவனின் பக்கத்தில் வந்து நிற்பார், பெயரை மட்டும் சொல்வார், பேசாமல் இருப்பார். அந்த மௌனத்துக்குப் பயந்தே நாங்கள் ஒழுங்காக வேலை செய்தோம். சட்டைப் பையில் எப்போதும் மடித்த வெள்ளைக் கைலேஞ்சி இருக்கும். தேயிலைத் தூளை எடுத்து மோந்தாலும், மெசினைத் தொட்டாலும் உடனே அதில் விரலைத் துடைத்துக்கொள்வார். மற்றவர்கள் கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போடுகிற படிவங்களை அவர் ஒவ்வொரு கட்டமாக வாய்விட்டு வாசித்து, தமிழில் எங்களுக்குச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்டுத்தான் எழுதுவார்.

ஆயுத பூசை எங்கள் பட்டறையில் பெரிய விசேசம். நான் வேதக்காரன், அதனால் என்ன? சுவர்த்தட்டில் பிள்ளையார் படமும் சூசையப்பர் படமும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன. பூசைக்கு முதல் நாள் எல்லா மெசினையும் பிரித்து, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, கழற்றக்கூடியதைக் கழற்றிப் படங்களுக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் வைப்போம். பூசை முடிந்து மறுநாள் திரும்ப மாட்டுவோம். டேபிள் சோவைக் கழற்றி மாட்டுவது எப்போதும் செல்லையாதான். அந்த வருடம் அவன் இல்லை. மச்சான் கல்யாணத்துக்காக, மனைவி பாக்கியத்தோடு இறம்பொடைக்கு இரண்டு கிழமை லீவில் போயிருந்தான்.

அதனால் நான் கழற்றினேன். பின்தகட்டைப் பளபளவென்று துடைத்துத் தட்டில் வைத்து, நடுவில் பெரிதாகக் குங்குமமும் வைத்தேன். மறுநாள் காலை அவசர வேலை வந்தது. பலகையில் நீளமாகக் குழி போட வேண்டும். குழி போடும்போது பலகை முழுதாக அறுபடாது, அதனால் எங்கள் பழைய மெசினின் தகடு குறுக்கே இடிக்கும். எப்படியும் கழற்றத்தானே வேண்டும், இந்த வேலை முடியட்டும், நாளைக்குப் போடலாம் என்று விட்டேன். அடுத்த நாளும் நாளைக்கு என்றேன். தகடு சாமிக்கு முன்னாலேயே இருந்தது. பிளேடுக்கு மேலே மரப்பெட்டி மாதிரி ஒரு மூடி தொங்கும். குனிந்து உள்ளே பார்த்தாலொழிய தகடு இருக்கிறதா இல்லையா என்று தெரியாது.

பதினோராவது நாள் செல்லையா வேலைக்கு வந்தான். பிள்ளைக்காம்பராவில் வேலைக்குப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளுக்குத் தொட்டில் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. புதிதாக வெட்டின சவுக்கு மரம், தண்ணீர் சொட்டுகிறது. "மெசின் எப்புடி இருக்கு?" என்று கேட்டான். "பூசக்கி நல்லா துடச்சி வெச்சிருக்கேன், போட்டு அறு" என்றேன். இதே வார்த்தைகள்தான். இருபத்திரண்டு வருடமாக என் காதில் இருக்கின்றன.

பகல் இரண்டு மணி இருக்கும். தகரத்தில் மழை. நான் முதுகைக் காட்டிக்கொண்டு சீவுளி தீட்டிக்கொண்டிருந்தேன். டொப்பென்று ஒரு சத்தம், பிறகு மூடி தெறித்துச் சுவரில் அடித்தது. திரும்பினால் செல்லையா நின்றுகொண்டிருக்கிறான். கத்தவில்லை. "சூசை, மெசின நிப்பாட்டு" என்றான். நிப்பாட்டினேன். சாக்குத் துணியால் கையைச் சுற்றினேன். கொழுந்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நானும் ஏறப் போனேன். "நீங்க பட்டறைய பாருங்க" என்று யாரோ சொன்னார்கள்.

பட்டறையைப் பார்த்தேன். ஐயோ, அந்த அரை மணித்தியாலத்தை என் வாழ்க்கையிலிருந்து பிடுங்கி எறிய முடியுமென்றால் எறிந்துவிடுவேன். நான் செய்தது இது: ரத்தத்தைக் கழுவவில்லை. கதவைச் சாத்தினேன். சுவர்த்தட்டிலிருந்து பின்தகட்டை எடுத்தேன். இரண்டு போல்ட்டுகளையும் போட்டு இறுக்கினேன். வேலை போய்விடும், தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும், மூன்று பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் வைப்பேன் என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. செல்லையாவின் கையை நான் நினைக்கவே இல்லை. அதுதான் உண்மை.

டீமேக்கர் ஐயா படிவத்தோடு வந்தார். மெசினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு வெள்ளைக் கால்சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் மரத்தூளில் ஒரு முழங்காலை ஊன்றி, பிளேடுக்குப் பின்னால் பார்த்தார். நானும் அப்போதுதான் பார்த்தேன். தகட்டில் குங்குமம் அப்படியே இருக்கிறது. சுற்றிவர எல்லாம் ரத்தமும் தூளும், அதற்கு நடுவில் காய்ந்த சந்தனமும் வட்டக் குங்குமமும். ஓடுகிற மெசினில் பதினோரு நாள் ஒரு பொட்டு அழியாமல் இருக்குமா?

"சூசை" என்றார். அவர் சட்டைப் பையிலிருந்து கைலேஞ்சியை எடுத்தார். தகட்டை மெதுவாக, இரண்டு பக்கமும் துடைத்தார். சிவப்பை உள்பக்கமாக மடித்துத் திரும்பப் பையில் வைத்தார். எழுந்து மேசையில் படிவத்தை வைத்து எப்போதும்போல் ஒவ்வொரு கட்டமாக வாசித்தார்.

"பாதுகாப்பு உறுப்புகள், பொருத்தப்பட்டிருந்தன. சரிதானே?"

"சரிங்க ஐயா."

"விபத்துக்குக் காரணம், தொழிலாளியின் கவனயீனம். சரிதானே?"

"சரிங்க ஐயா."

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னைக் காப்பாற்றவா, பெக்டரியைக் காப்பாற்றவா, அவரையே காப்பாற்றிக்கொள்ளவா? அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. மாற்றலாகிப் போகும்வரை என் பக்கத்தில் வந்து நின்று பெயர் சொன்னதும் இல்லை. நான் நன்றாக வேலை செய்ததனால் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

செல்லையா மூன்று மாதம் கழித்துத் திரும்பினான். படிவத்தில் இருந்ததை அவனுக்குத் தமிழில் வாசித்துச் சொன்னார்கள். அவன் பட்டறைக்கு வந்து, மூடியைத் தூக்கி, பின்தகடு இருப்பதைப் பார்த்தான். "இது இருந்துமா நான் கைய குடுத்தேன்?" என்று தன்னைத்தானே கேட்டான். நான் ஆணி பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவனைப் பெக்டரி கேட்டில் காவல் வேலைக்குப் போட்டார்கள். அவனுடைய மூத்த மகன் ராஜன் பட்டறையில் சேர ஆசைப்பட்டபோது, செல்லையா ஒரே பிடியாக மறுத்துவிட்டான். "என்னோட கவனமில்லாத ரத்தந்தானே அவனுக்கும் ஓடுது" என்றான். ராஜன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான்.

நான் ஒரு தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சாமியார் கேட்டுவிட்டு, "இத அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றார். இல்லை என்றேன். "சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு நான் வேறு கோயிலுக்குப் பூசை காணப் போக ஆரம்பித்தேன். சிரிக்காதீர்கள், அப்படித்தான் செய்தேன்.

ஐந்தாவது தடவை கடைக்குப் போகும்போது செல்லையாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மெசினைச் சத்தத்தில் எடைபோட அவனை விட்டால் ஆள் கிடையாது என்று ரோசலினிடம் சொன்னேன். அது பாதி உண்மை. பாக்கியம் போன மார்கழியில் செத்துப்போனதிலிருந்து அவன் வெளியே எங்கும் போவதில்லை. கூப்பிட்டதும் சந்தோசமாக வந்தான்.

கடையில் மெசின் பக்கத்தைப் பார்ப்பது முதலாளியின் மகள். வாய்த்துடுக்கு உள்ள பிள்ளை. "அங்கிள், இது அஞ்சாவது தடவ. இன்னைக்காவது வாங்குவீங்களா, இல்ல தூசி தட்டிட்டுப் போயிருவீங்களா?" என்றாள். செல்லையா விழுந்து விழுந்து சிரித்தான். இரண்டு மெசின்களைக் காட்டினாள். ஒன்று சின்னது, மலிவு, பின்தகடு இல்லை. மற்றதில் பிளேட் ஏறினால் தகடும் ஏறும், இறங்கினால் இறங்கும். செல்லையா குனிந்து, மிஞ்சியிருக்கும் பெருவிரலாலும் சுண்டுவிரலாலும் பிளேட்டைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்தான்.

"சின்னதே நல்லாத்தான் சுத்துது சூசை. இத எடு."

"இதுல பின்தகடு இல்ல."

"ஒனக்கு எதுக்குப்பா தகடு? நீ வேல தெரிஞ்சவன். அதெல்லாம் என்னிய மாதிரி கவனமில்லாதவனுக்கு. தகடு இருந்துமே நான் கைய குடுத்தவன்."

கடைப் பிள்ளையிடம் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினான். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"அன்னைக்கி தகடு இருக்கல செல்லையா."

"எது?"

"நீ அறுத்தப்ப தகடு மெசின்ல இருக்கல. பூசக்கி கழட்டுனவன் நான். மாட்டல. ஒன்னிய லொறியில ஏத்துன பொறகுதான் மாட்டுனேன்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. மெசினையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப எங்க இருந்துச்சு?" என்றான்.

"சாமி படத்துக்கு முன்னாடி."

பக்கத்தில் அடுக்கியிருந்த பெயின்ட் வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டான். கடைப் பிள்ளை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வாங்கிக் கீழே வைத்தான். குடிக்கவில்லை. பிறகு ஒன்றுதான் கேட்டான்.

"பாக்கியம் இருக்கும்போது சொல்லியிருக்கலாமே சூசை. சாவுற வரைக்கும் கேட்டா, ஒங்க கவனம் எங்கதான் போச்சுன்னு. எனக்குப் பதில் தெரியாம இருந்துச்சே."

எழுந்தான். தனியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். நான் பின்னால் போனேன். அவன் ஏறின பஸ்ஸில் ஏற எனக்குத் துணிச்சல் வரவில்லை.

தகடு உள்ள மெசினை வாங்கினேன். பெட்டி பிரிக்காமல் கொட்டகையில் கிடக்கிறது. அதைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. மூன்று கிழமை இப்படியே போயிற்று. செல்லையா இருக்கும் ராகலைப் பக்கமிருந்து பஸ் வரும் சத்தம் கேட்டால் ரோட்டுக்குப் போய் நிற்பேன். அவன் இறங்க மாட்டான். திரும்பி வருவேன். ரோசலினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை ஏசவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. அதற்கு ஏச்சே மேல்.

போன ஞாயிற்றுக்கிழமை செல்லையா போன் பண்ணினான். சுகம் விசாரிக்கவில்லை.

"எழுதிக் குடு" என்றான்.

"என்னாத்த?"

"நடந்தத. என் மேல பிழ சொன்னது எழுத்துலதான இருக்கு? நீ வாயால சொன்னா காத்தோட போயிரும். பொங்கலுக்கு ராஜன் வாறான். அவன்கிட்ட குடுக்கணும். நாலு பேரு வாசிக்கிற மாதிரி எழுது. பட்டறப் பொடியனுங்களும் வாசிக்கட்டும்."

"செல்லையா, என்னிய மன்னி..."

"மன்னிப்பு கின்னிப்பெல்லாம் அதுல எழுதாத. அது வேற. நடந்தத மட்டும் எழுது." போனை வைத்துவிட்டான்.

அதனால் இதில் மன்னிப்புக் கேட்கவில்லை. டேபிள் சோ வாங்கப் போகிறவர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது. பூசைக்கு மெசினைத் துடையுங்கள், பொட்டு வையுங்கள், பின்தகட்டை மட்டும் கழற்றாதீர்கள். அது இருக்கிற இடத்திலேயே சந்தனத்தை வையுங்கள். சாமி ஏற்றுக்கொள்ளும்.

டீமேக்கர் ஐயா வாசித்த கட்டங்கள் எனக்கு மனப்பாடம். அவற்றை நான் இப்போது நிரப்புகிறேன்.

பாதுகாப்பு உறுப்புகள்: பின்தகடு மெசினில் இருக்கவில்லை. பூசைத் தட்டில் இருந்தது.

கழற்றியவர்: சூசை, பட்டறைப் பொறுப்பாளர்.

விபத்துக்குக் காரணம்: நாளைக்குப் போடலாம் என்று பதினோரு நாள் விட்டது. பிறகு பொய்க்குச் சரி என்றது.

தொழிலாளியின் கவனம்: செல்லையாவின் கை, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.